கடலுக்கு உரம் போட்டால் மீனுக்கு என்ன ஆகும்?

வாயுக்கள் நீரில் கரைவது பற்றி ஒரு நாள் வகுப்பில் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். நீரின் வெப்பநிலை ஏற ஏற அதில் கரையும் ஆக்சிஜனின் அளவு குறையும் என்று கரும்பலகையில் வரைபடம் போட்டுவிட்டுத் திரும்பினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

"சார், எங்கப்பா பட்டறைத் தண்ணி வேகவதியிலதான் போய் விழுது. அது கடல் வரைக்கும் போகுமா? போனா, அந்த மீனை நாம சாப்பிடலாமா?"

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காஞ்சிபுரத்தில் கடல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கடைத்தெருவில் சங்கராவும் கவலையும் நெத்திலியும் கூடைகூடையாக வந்து இறங்குகின்றன. நாம் ஆற்றில் விடுவது கடலுக்குப் போகிறது. கடலில் விளைவது நம் தட்டுக்கு வருகிறது. இந்தப் போக்குவரத்தில் இடையே என்ன நடக்கிறது என்று அந்த மாணவர் கேட்டார். அன்று மணி அடித்துவிட்டதால் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாதையைப் பார்ப்போம். நம் ஊரை ஒட்டி ஓடும் வேகவதி திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. செய்யாறும் அங்கேதான் வந்து கலக்கிறது. ஊரின் பெயரே அதைச் சொல்கிறது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் வங்கக் கடலை அடைகிறது. ஓடுகிறது என்று சொல்வதைவிட, மழை பெய்தால் ஓடுகிறது என்பதே சரி. ஆண்டில் பெரும்பகுதி அது மணல் ஆறுதான். கழிவுகள் மணலிலும் குட்டைகளிலும் தேங்கிக் கிடக்கும். 2015 நவம்பரிலும் 2021 நவம்பரிலும் வந்ததைப் போன்ற பெருவெள்ளம் வந்தால், மாதக் கணக்கில் சேர்ந்தது சில நாளில் கடலுக்குப் போய்விடும்.

வயலூர் என்ற பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். அதற்கு மறுபடியும் வருவோம்.

பட்டிலும் உரம் உண்டு

மாசு என்றதும் நமக்குச் சாயத்தின் நிறம்தான் நினைவுக்கு வரும். கண்ணுக்குத் தெரிவதால் அதன் மேல் கோபம் வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் குரோமியமும் உப்பும் பாலாற்றுப் படுகையைக் கெடுத்த கதையையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைப் பற்றி முக்கியமான தீர்ப்பு ஒன்றை அளித்தது. அவை நஞ்சுகள், அவை கெடுதல் செய்வதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், நஞ்சே அல்லாத, பயிருக்கு நாமே விலை கொடுத்து வாங்கிப் போடுகிற பொருள்களும் கடல் மீனைக் கொல்லக்கூடும் என்பதுதான். நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் சொல்கிறேன்.

பட்டுப்பூச்சி நூற்கும் இழை, ஃபைப்ராயின் என்னும் புரதத்தின் மேல் செரிசின் என்னும் பசைப் புரதம் பூசப்பட்டது. சாயம் ஏற்றுவதற்கு முன்னால் கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அமிழ்த்தி இந்தப் பசையை நீக்குகிறார்கள். அப்போதுதான் பட்டுக்கு மினுமினுப்பும் மென்மையும் வருகின்றன. நூலின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இவ்வாறு நீரில் கரைந்து போகிறது. ஒரு கிலோ கச்சாப் பட்டுக்குச் சுமார் 220 கிராம் என்று வைத்துக் கொள்வோம். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். ஆக, ஒரு கிலோ பட்டிலிருந்து 35 கிராம் நைட்ரஜன் சாக்கடைக்குப் போகிறது.

உடனே பட்டுத் தொழிலாளர் மேல் பழி போட வேண்டாம். நாம் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் சாப்பிடுவதாகக் கொண்டால், அதிலுள்ள 10 கிராம் நைட்ரஜன் ஏறக்குறைய முழுவதும் கழிவாக வெளியேறிவிடுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி காஞ்சிபுரம் நகராட்சியின் மக்கள்தொகை 1,64,384. பெருக்கிப் பாருங்கள்: நாளொன்றுக்கு 1,600 கிலோவுக்கு மேல்! இன்று மாநகராட்சியாக விரிந்துவிட்ட ஊரில் இது இன்னும் கூடுதல். இதனோடு வயல்களிலிருந்து வழியும் யூரியாவைச் சேருங்கள். நெல்லுக்குப் போடும் யூரியாவில் பாதிக்கும் மேற்பட்ட நைட்ரஜன் பயிரைச் சேர்வதே இல்லை. ஒரு பகுதி காற்றில் போகிறது, ஒரு பகுதி நிலத்தடி நீரிலும் வாய்க்காலிலும் போகிறது. சலவைத்தூளில் பாஸ்பேட் இருந்தால் அதுவும் கணக்கில் ஏறும்.

பாலாற்றில் மட்டுமா இது? கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி என்று எல்லா ஆறுகளும் இதே சுமையைத்தான் இறக்கி வைக்கின்றன.

வகுப்பறை நிறையக் கடல்நீர்

கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் மிதந்து வாழ்கின்றன. நிலத்தில் புல் எப்படியோ, கடலில் இவை அப்படி. இவற்றை நுண்விலங்குகள் தின்னும். அவற்றைச் சிறுமீன் தின்னும். சிறுமீனைப் பெருமீன் தின்னும். நுண்பாசி இல்லையேல் மீனே இல்லை. ஆகவே, பாசிக்கு உரம் கிடைத்தால் மீன் பெருகத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு வரை அது உண்மை. ஆற்று முகத்துவாரங்களில் மீன்வளம் செழிப்பதற்கு ஆறு கொண்டுவரும் சத்து ஒரு முக்கியக் காரணம். அளவு மீறும்போதுதான் கணக்கு மாறுகிறது.

அமெரிக்க அறிஞர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு 1934இல் ஓர் அழகான உண்மையைக் கண்டு சொன்னார். எந்தக் கடலில் எடுத்துப் பார்த்தாலும், மிதக்கும் பாசியின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கின்றன. இன்று வழங்கும் எண்கள் 106, 16, 1. கார்பன் கடல்நீரில் தாராளமாக உண்டு. தட்டுப்பாடு நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும்தான். அந்தத் தட்டுப்பாட்டை நாம் நீக்கிவிட்டால், பாசி நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கும் என்று கொள்ளுங்கள். பத்தாம் நாள் 1,024 மடங்கு. இருபதாம் நாள் பத்து லட்சம் மடங்கைத் தாண்டிவிடும். சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதை உங்களுக்குத் தெரியும் அல்லவா? அதே கதைதான்.

இவ்வளவு பாசியையும் தின்று தீர்க்க விலங்குகள் இல்லை. தின்னப்படாத பாசி செத்துக் கீழே இறங்குகிறது. பாக்டீரியாக்கள் அதை மட்கச் செய்கின்றன. மட்குவது என்பது மெதுவாக எரிவது போலத்தான். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ரெட்ஃபீல்டு விகிதப்படி கணக்கிட்டால், 16 நைட்ரஜன் அணு கொண்ட பாசி முழுவதும் மட்க 138 ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை. எடையில் சொன்னால், ஒரு கிராம் நைட்ரஜனால் வளர்ந்த பாசி ஏறக்குறைய 20 கிராம் ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

கடல்நீரில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது? நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்குச் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பமுள்ள கடல்நீரில், நிறைவளவு கரைந்திருந்தால்கூட, ஒரு லிட்டருக்குச் சற்றேறக்குறைய 6.2 மில்லிகிராம்தான். நன்னீரில் 7.5. உப்பும் சூடும் சேர்ந்து குறைத்துவிடுகின்றன. குளிர்ந்த நாட்டுக் கடல்களைவிட நம் கடலில் கையிருப்பு எப்போதுமே குறைவு.

இப்போது பட்டுக்கு வருவோம். ஒரு கிலோ பட்டின் பசையில் 35 கிராம் நைட்ரஜன். அது முழுவதும் கடலை அடைந்து பாசியாக மாறினால், அந்தப் பாசி மட்க 700 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 700 கிராமை ஒரு கன மீட்டருக்கு 6.2 கிராம் என்பதால் வகுத்தால் 113 கன மீட்டர். ஆறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு வகுப்பறையின் கொள்ளளவு 108 கன மீட்டர். ஒரு கிலோ பட்டுக்கு ஒரு வகுப்பறை நிறையக் கடல்நீரின் ஆக்சிஜன்! ஊர்க் கழிவுக்கும் இதே கணக்கைப் போட்டால் நாளொன்றுக்கு 50 லட்சம் கன மீட்டருக்கு மேல் வருகிறது.

நல்ல வேளையாக, எல்லாம் கடலை அடைவதில்லை. வழியில் மண்ணும் செடிகளும் கொஞ்சம் எடுத்துக் கொள்கின்றன. சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் தூர்த்தால் நாம் இழப்பது இந்தக் கூலியில்லாத வேலையாட்களைத்தான்.

கீழே காற்று போகாத கடல்

மேலே அலை அடிக்கிறதே, காற்று கலந்து கொண்டே இருக்குமே என்று ஓர் ஐயம் எழலாம். மேல்மட்டத்தில் கலக்கிறது. கீழ்மட்டத்தில்தான் சிக்கல். கடல்நீர் ஆற்று நீரைவிட ஒரு கன மீட்டருக்குச் சுமார் 25 கிலோ கனமானது. வெள்ளக் காலத்தில் இலேசான ஆற்று நீர் கடலின் மேல் போர்வைபோலப் பரவுகிறது. வெயில் அந்தப் போர்வையைச் சூடாக்கி இன்னும் இலேசாக்குகிறது. பெரிய ஆறுகள் பலவற்றை வாங்கிக் கொள்ளும் வங்கக் கடலில் இந்த அடுக்கு அமைப்பு மிகவும் வலுவானது. அடுக்குகள் ஒன்றோடொன்று எளிதில் கலப்பதில்லை.

கலக்காவிட்டால், மூலக்கூறுகள் தாமாகப் பரவித்தான் ஆக்சிஜன் கீழே போக வேண்டும். அசையாத நீரில் ஆக்சிஜன் ஒரே ஒரு மீட்டர் ஆழம் பரவ எவ்வளவு காலம் ஆகும் தெரியுமா? ஐந்து ஆண்டுக்கும் மேல்! என் மாணவர்கள் இந்த விடையைக் கண்டதும் கணக்கில் பிழை என்றுதான் முதலில் நினைப்பார்கள். பிழை இல்லை. தேநீரில் சர்க்கரை போட்டால் கலக்கத்தானே செய்கிறோம்? கலக்குவதற்குக் கரண்டி இல்லாத கடலடியில் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கின்றன, புதிது வருவதில்லை. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்கு அங்கே வேலை இல்லை. நீந்தத் தெரிந்தவை ஓடிவிடும். மட்டி, சிப்பி, புழு, பவளம் ஆகியவை ஓட முடியாமல் சாகும். இத்தகைய இடங்களை ஆங்கில நாட்டார் 'செத்த மண்டலம்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். உலகக் கடலோரங்களில் இவ்வாறு 400க்கு மேற்பட்ட இடங்கள் உள்ளன என்று 2008இல் ஓர் ஆய்வு தொகுத்துக் காட்டியது. மிசிசிப்பி ஆறு கொண்டுவரும் வயல் உரத்தால் மெக்சிகோ வளைகுடாவில் ஆண்டுதோறும் கோடையில் ஒன்று உண்டாகிறது. 2017இல் அது 22,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. தமிழ்நாட்டின் ஆறில் ஒரு பங்கு அது.

பூங்கோரை

2019 ஆகஸ்டு மாதம் ஓர் இரவு, சென்னையில் திருவான்மியூர், பாலவாக்கம் கடற்கரைகளில் அலைகள் நீல ஒளி வீசின. மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அந்த ஒளிக்குக் காரணம் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர். உருண்டையான ஒரே செல். சில ஒரு மில்லிமீட்டர் அளவுக்கும் வளர்வதால் கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். அலை வந்து தொட்டதும் உடலில் ஒரு வேதிவினை நடந்து, நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் ஒளிவிடும். சூடில்லாத ஒளி. இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு அதை ஒரு முறை பார்க்க ஆசைதான்.

அடுத்த மாதமே, செப்டம்பரில், மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் பகுதிக் கடல் பச்சையாக மாறியது. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் இது அங்கே புதிதல்ல. 2008 அக்டோபரிலும் பெருமளவில் வந்திருக்கிறது. இதுவும் நாக்டிலூகாதான். ஆனால் தன் உடலுக்குள் பச்சைப் பாசிகளைக் குடிவைத்திருக்கும் வகை. கூட்டம் செத்து மட்கத் தொடங்கியதும் ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் நீரில் மூழ்கி ஆராய்ந்தபோது, தீவுகளை ஒட்டிய பவளங்களும் மூச்சுத் திணறி மடிந்திருந்ததைக் கண்டார்கள். வேகமாக வளரும் கிளைப் பவளங்களுக்கே சேதம் அதிகம். நாக்டிலூகா தன் உடலில் அம்மோனியாவைச் சேர்த்து வைக்கும். அதனால்தான் அது இலேசாகி மிதக்கிறது. செத்து உடைந்ததும் அந்த அம்மோனியா வெளியே வந்து மீனின் செவுளை வருத்தும்.

இப்படி மூச்சுத் திணறிச் செத்த மீனை எடுத்துச் சமைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. எப்போது செத்தது என்று தெரியாத மீன், அதுவும் நம் நாட்டு வெயிலில் மிதந்த மீன், கெட்டுப்போன மீன் என்றே கொள்ள வேண்டும்.

வயலூரில் நடந்தது

மூச்சுத் திணறல் மீனுக்குத்தான். மனிதனை நேரே தாக்கும் பாசிகளும் இருக்கின்றன.

1981ஆம் ஆண்டு. வயலூர் அப்போது நம் காஞ்சிபுரத்தைப் போலவே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அங்கே மட்டி சாப்பிட்டவர்களுக்கு உடல்நலம் கெட்டது. 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். மட்டி கெட்டுப் போனதல்ல. உயிரோடு எடுத்துச் சமைத்ததுதான். சமைத்தும் பயனில்லை.

இதற்குப் பெயர் வாத மட்டி நஞ்சு எனலாம். சுழலிப் பாசிகள் என்னும் கூட்டத்தைச் சேர்ந்த சில நுண்பாசிகள் சாக்சிடாக்சின் என்ற நஞ்சைச் செய்கின்றன. மட்டி நாள் முழுவதும் கடல்நீரை இழுத்து, வடிகட்டி, சிக்கிய பாசியைத் தின்று வாழ்வது. அதற்கு அந்த நஞ்சால் பெரிய தொல்லை இல்லை. உடலில் சேர்த்து வைத்துக் கொள்கிறது. நாம் அதைத் தின்றால், நரம்புச் செல்லின் சுவரில் சோடியம் அயனி நுழையும் வாயிலை சாக்சிடாக்சின் மூலக்கூறு தக்கைபோல அடைத்துவிடுகிறது. நரம்பில் ஓடுவது மின் துடிப்பு என்று படித்திருக்கிறீர்கள். சோடியம் நுழையாவிட்டால் துடிப்பு நின்றுவிடும். முதலில் உதடும் நாக்கும் மரத்துப் போகும். பிறகு கை கால். முற்றினால் மூச்சை இயக்கும் தசைகளே செயலற்றுப் போகும். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு உடலை விட்டு நீங்கும் வரை செயற்கைச் சுவாசம் கொடுத்து வைத்திருந்தால் பிழைக்கலாம். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் சாக்சிடாக்சின் அழிவதில்லை. 100 கிராம் இறைச்சியில் 80 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் விற்கக் கூடாது என்பது பல நாடுகள் பின்பற்றும் வரம்பு. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

1997 செப்டம்பரில் கேரளத்தில் விழிஞ்ஞம் பகுதியில் கல்லுமேக்காய் சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள். ஐந்நூறு பேர் அளவில் மருத்துவமனைக்குப் போனார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வயலூரில் நேர்ந்ததற்கு நம் ஊர்க் கழிவுதான் காரணம் என்று நான் கூறவில்லை. இந்தப் பாசிகள் மாசே இல்லாத கடலிலும் பெருகுவதுண்டு. 1793 ஜூன் மாதம் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் கனடாவின் மேற்குக் கரையில் சிப்பி பொறுக்கித் தின்று நோயுற்றார்கள். ஒரு மாலுமி இறந்தார். அன்று அந்தக் கரையில் யூரியாவும் இல்லை, சாக்கடையும் இல்லை. நாம் செய்வது என்னவென்றால், சீட்டுக் குலுக்கலில் கெட்ட சீட்டுகளைக் கூட்டுவது. உரமேறிய நீரில் பாசிப் பெருக்கம் அடிக்கடி நேரும். அடிக்கடி நேர்ந்தால் நச்சுப் பாசிக்கும் முறை வரும்.

மணிச்சத்தும் மணற்சத்தும்

இங்கே இன்னொரு நுட்பம் உண்டு. பாசிகளில் டயாட்டம் என்னும் கூட்டம் மீன்களுக்கு மிக நல்ல உணவு. மத்தி போன்ற மீன்கள் இவற்றை விரும்பித் தின்னும். மீனெண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் இதயத்துக்கு நல்லவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள் அல்லவா? அவற்றை மீன் பெரும்பாலும் தானே செய்வதில்லை; பாசியிலிருந்துதான் பெறுகிறது. டயாட்டத்தின் கூடு கண்ணாடி போன்ற சிலிக்காவால் ஆனது. ஆகவே, நைட்ரஜன் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு எண்ணிக்கையில் சிலிக்கான் அணுக்களும் அதற்கு வேண்டும். சிலிக்கான் பாறை கரைந்து ஆற்று வழியே வருவது. ஆற்று மணலும் சிலிக்காதானே என்பீர்கள். ஆனால் மணல் எளிதில் கரைவதில்லை.

நாம் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கூட்டுகிறோம். அணை கட்டி நீரைத் தேக்கும்போது கரைந்த சிலிக்கா அங்கேயே தங்கிவிடுகிறது. டயாட்டம் பின்தங்குகிறது, சிலிக்கா தேவைப்படாத சுழலிப் பாசிகள் முன்னேறுகின்றன. கருங்கடலில் இது நடந்து பார்த்தாயிற்று. டான்யூப் ஆற்றின் 'இரும்பு வாயில்' அணை 1972இல் முடிந்தது. கரைந்த சிலிக்காவின் வரத்து குறைந்தது. ஆற்றங்கரை நாடுகளிலிருந்து உரம் வழிந்து கொண்டிருந்தது. சுழலிப் பாசிகள் பெருகின. கடலடியில் ஆக்சிஜன் அற்ற பகுதி விரிந்தது. போதாக்குறைக்கு, 1980களில் கப்பலின் நிலைநிறுத்த நீரோடு வந்து சேர்ந்த ஒரு வகைச் சீப்பு ஜெல்லி, மீன் முட்டைகளையும் அவற்றின் இரையையும் தின்று தீர்த்தது. 1990ஐ ஒட்டி நெத்திலிப் பிடிப்பு அடியோடு சரிந்தது. பின்னர் கிழக்கு ஐரோப்பாவில் அரசுகள் மாறிப் பொருளாதாரம் தடுமாறியதால் உழவர்கள் உரம் வாங்க முடியாமல் போயிற்று. சில ஆண்டுகளில் அந்தச் செத்த மண்டலம் சுருங்கிவிட்டது! யாரும் திட்டமிட்டுச் செய்யாத பரிசோதனை. ஆனால் முடிவு தெளிவானது.

வஞ்சிரமா, நெத்திலியா?

ஆக்சிஜன் இல்லாத சேற்றில் இன்னொரு வேலையும் நடக்கிறது. நிலக்கரி எரிப்பதாலும் சில தொழில்களாலும் பாதரசம் சிறிதளவு கடலுக்குப் போகிறது. ஆக்சிஜன் அற்ற சேற்றில் சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சாதாரணப் பாதரசத்தைவிட இது எளிதில் உடலில் ஏறும், மூளையைத் தாக்கும். ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ஒரு வேதித் தொழிற்சாலை மெத்தில் பாதரசக் கழிவையே நேராகக் கடலில் விட்டது. முதலில் பூனைகள் தள்ளாடி விழுந்து செத்தன. 1956இல் மனிதர்களிடம் நோய் கண்டறியப்பட்டது. கழிவு நின்றது 1968இல்தான்.

கடல்நீரில் அளவிட அரிதான பொருள், மீனில் எப்படி இவ்வளவு சேர்கிறது? ஆற்றல் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ வஞ்சிரம் வளரச் சுமார் பத்து கிலோ சிறுமீன் வேண்டும்; அவை வளர நூறு கிலோ நுண்விலங்கு; அவற்றுக்கு ஆயிரம் கிலோ பாசி. ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்பது பங்கு ஆற்றல் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. மெத்தில் பாதரசமோ அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை. படிக்குப் படி செறிவு கூடும். ஆகவே பல ஆண்டு வாழும் பெரிய வேட்டை மீன்களில், அதாவது சுறா, மயில் மீன், பெரிய சூரை ஆகியவற்றில் இது அதிகம். ஓரிரு ஆண்டே வாழும் மத்தி, கவலை, நெத்திலியில் மிகக் குறைவு. விலை குறைந்த மீனே இந்த வகையில் மேலானது என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு வஞ்சிரத்துக்காகச் சண்டை வருவது குறைந்திருக்கிறது.

அந்த மாணவருக்கு என் பதில் இதுதான்: தண்ணீர் கடலுக்குப் போகும், மீனைச் சாப்பிடலாம். நல்ல கடையில் வாங்கிய புது மீனைக் குடல் நீக்கிச் சமைத்துத் தின்பதில் அஞ்ச ஒன்றுமில்லை. மட்டியிலும் சிப்பியிலும்தான் எச்சரிக்கை வேண்டும். கடல் சிவந்தோ பச்சையாகவோ நிறம் மாறியிருக்கும் நாளில் முகத்துவாரத்தில் தாமே பொறுக்கித் தின்னக் கூடாது. உதடு மரத்தால் அடுத்த வாய் வைக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

"அப்ப எங்கப்பா என்ன சார் பண்றது?" என்று அவர் விடாமல் கேட்டார். பசை நீக்கிய நீரைச் சாய நீரோடு கலக்காமல் தனியே பிடித்தால், அதிலுள்ள செரிசினைப் பிரித்தெடுக்கலாம். முகப்பூச்சு செய்கிறவர்கள் அதை விலைக்கு வாங்குகிறார்கள். தனி ஒரு பட்டறையால் இது ஆகாது. பல பட்டறைகள் சேர்ந்து செய்தால் ஆகும். நகரக் கழிவுக்கோ, வழக்கமான சுத்திகரிப்பு மட்டும் போதாது. அது மட்கும் பொருளை நீக்கும். நைட்ரஜனில் ஒரு பகுதியைத்தான் நீக்கும். நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாக்களுக்கென்று ஆக்சிஜன் இல்லாத தனித் தொட்டி ஒன்றும், பாஸ்பேட்டைப் படிய வைக்கப் படிகாரமும் வேண்டும். செலவு உண்டு. வழி தெரியாமல் இல்லை.

நீங்களே பாருங்கள்

இதைப் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யலாம். குளத்து நீரை இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு சிட்டிகை யூரியாவும் ஒரு சிட்டிகை சூப்பர் பாஸ்பேட்டும் போடுங்கள். மற்றதில் ஒன்றும் வேண்டாம். வாயைத் துணியால் கட்டி, வெளிச்சம் படும் சன்னலோரம் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். உரமிட்டது பச்சையாகும். பிறகு இரண்டிலும் ஒரே அளவாகச் சில சொட்டு மெத்திலீன் நீலக் கரைசல் விட்டு, அதே குளத்து நீரால் விளிம்புவரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் தக்கையால் இறுக மூடி, இருட்டான அலமாரியில் வையுங்கள். ஆக்சிஜன் இருக்கும் வரை நீலம் இருக்கும். ஆக்சிஜன் தீர்ந்தால் பாக்டீரியாக்கள் நீலத்தை நிறமற்றதாக்கிவிடும். நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்த்து, எந்தப் புட்டியில் எத்தனையாம் நாளில் நிறம் போகிறது என்று குறித்து வாருங்கள். போன பிறகு தக்கையை எடுத்து, நீரில் பாதியைக் கொட்டிவிட்டு, மீண்டும் மூடி நன்றாகக் குலுக்குங்கள். காற்றுப் பட்டதும் நீலம் திரும்பி வரும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள். அந்தச் சாயம் பட்டுக்குப் போட்டதைப் போலவே விரலிலும் நன்றாக ஏறும்.